மேலிடத்துக்குப் பிடிக்காத செய்தியை எப்படிச் சொன்னீர்கள்? மென்பொருள் பொறியாளர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்குபவர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் துறையில் முன்னேறுவது பற்றி நாம் பேசத் தொடங்கினால், எந்தக் கணினி மொழியைக் கற்கலாம், எந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாம், சிங்கப்பூருக்குப் போனால் எவ்வளவு மிஞ்சும் என்பவற்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் பார்த்தவரை ஒருவர்மேல் நம்பிக்கை வைத்துப் பெரிய பொறுப்பைக் கொடுக்கலாமா என்பது வேறோர் இடத்தில் முடிவாகிறது. மேலாளர் கேட்க விரும்பாத ஒரு செய்தி தம் கையில் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்பதை மற்றவர்கள் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது கூடுதல் சிரமம். அறிவுரைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. உங்களுக்கு நடந்ததை, ஆட்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர்த்து, எழுதுங்கள்.

சோதனைப் பொறியாளர், பயான் லெப்பாஸ், பினாங்கு

மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுவது என் வேலை. 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்த காலந்தொட்டு இத்தீவில் பல குடும்பங்களில் ஒருவராவது தொழிற்சாலைக்குப் போனவர். என் அம்மாவும் போனவர்தான். ஆகவே சரக்கு ஏற்றும் நாள் நெருங்கும்போது எழும் பதற்றம் எனக்குப் புதிதன்று.

ஒரு காலாண்டின் கடைசி வாரத்தில், ஒரு மின்னழுத்தச் சோதனையில் வழக்கத்தைவிடக் கூடுதலான சில்லுகள் தோற்றுக்கொண்டிருந்தன. திங்கள்கிழமை வரைக்கும் அந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி வைக்கலாமே என்று மேலாளர் இரவில் எனக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. அளக்கும் கருவியிலேயே சிறு பிழை இருக்கும் என்பதால், வாடிக்கையாளருக்கு வாக்களித்த அளவைவிடச் சோதனை வரம்பை எப்போதும் சற்று இறுக்கமாகவே வைப்போம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் அந்தக் காப்பு இடைவெளிக்குள்தானே தளர்த்தச் சொல்கிறேன், வாக்களித்த அளவை மீறச் சொல்லவில்லையே என்பது அவருடைய வாதம். ஆனால் இடைவெளியைத் தின்றுவிட்டால், உண்மையிலேயே பழுதான சில்லும் கருவியின் பிழையால் தேறிப்போகலாம். அது போய்ச் சேரும் இடம் யாருடைய காராகவும் இருக்கலாம், மருத்துவமனைக் கருவியாகவும் இருக்கலாம். எங்கள் நடைமுறைப்படி வரம்பைத் தொடுவதற்குத் தரப் பிரிவின் ஒப்புதலும் வாடிக்கையாளரின் எழுத்துபூர்வமான இசைவும் வேண்டும்.

நான் வாட்ஸ்அப்பில் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. தரவைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலில் எழுதுகிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன். எங்கள் இயந்திரம் ஒரே நேரத்தில் பல சில்லுகளைச் சோதிப்பது. தோற்றவற்றை, எந்த இருக்கையில் (சில்லைப் பொருத்தும் இடத்தில்) தோற்றன என்று பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி ஒரே இருக்கையில் குவிந்து கிடந்தது. சில்லின் கால்களைத் தொடும் போகோ ஊசிகள் தேய்ந்தால் தொடுமிடத்தில் மின்தடை கூடும், அளவும் பிசகும். ஆகவே மின்னஞ்சலில் மூன்று வழிகளை எழுதினேன். ஊசிகளை மாற்றித் தோற்றவற்றை மறுபடி சோதிக்கலாம். அந்த இருக்கையை மூடிவிட்டு மற்றவற்றைக் கொண்டு மெதுவாக ஓட்டலாம். வரம்பை மாற்றத் தரப் பிரிவிடம் முறைப்படி விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும், யார் கையொப்பமிட வேண்டும் என்பதையும் சேர்த்தேன். வேறு எவருக்கும் நகல் அனுப்பவில்லை; முடிவு அவருடையதாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

அவர் முதல் வழியைத் தேர்ந்தார். மறுசோதனையில் பெரும்பாலானவை தேறின. சில உண்மையாகவே பழுதானவை, அவை சரக்கோடு போகவில்லை. அந்த இரவுச் செய்தியைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. அடுத்த மதிப்பீட்டுக்குப் பிறகு ஒரு புதிய சில்லின் சோதனைத் திட்டம் முழுவதையும் என் பொறுப்பில் விட்டார்.

தொடங்குபவர்

மூன்றாவது வழியை அவர் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று தெரிந்தும் ஏன் எழுதினீர்கள்?

சோதனைப் பொறியாளர், பயான் லெப்பாஸ்

அவர் கேட்டதே அதுதானே. கேட்டதைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டிருந்தால், அவருக்கு நான் பாடம் நடத்துவதாகத் தோன்றியிருக்கும். முறையான வழி ஒன்று அதற்கும் உண்டு, அதற்கு இத்தனை கையொப்பங்கள் வேண்டும் என்று காட்டினால் போதும்.

மென்பொருள் பொறியாளர், பங்சார் சவுத், கோலாலம்பூர்

எனக்கு எதிரே இருந்தவர் கடுமையான மேலாளர் அல்லர். அந்த வேலைக்கு என்னைப் பரிந்துரைத்த அக்கா. பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவர். பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடனோடு நான் வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் என் சுயவிவரத்தை வரிவரியாகத் திருத்திக் கொடுத்தவர். அலுவலகத்திலும் அவரை அக்கா என்றே அழைப்பேன். (எங்கள் குழுவில் இருந்த மலாய், சீன நண்பர்களும் அதுதான் அவருடைய பெயர் என்று நினைத்து அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.) இப்படிப்பட்டவரிடம் மறுப்புச் சொல்வது, அறிமுகமில்லாத மேலாளரிடம் சொல்வதைவிடப் பல மடங்கு கடினம்.

நாங்கள் உருவாக்கியது மருத்துவச் சந்திப்புகளைப் பதிவுசெய்யும் செயலி. செயல்விளக்கம் ஒன்றுக்காக, உண்மையான நோயாளிகளின் தரவுத்தளத்தை ஒரு வெளி நிறுவனத்தின் சோதனைச் சூழலுக்கு நகலெடுத்துத் தரும்படி அக்கா கேட்டார். அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மறைத்துவிட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம். மைகார்டு எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு, பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. ஆக, மறைக்காமல் விடப்படும் பகுதியே ஒருவர் என்று பிறந்தார், எங்கே பிறந்தார் என்பதைச் சொல்லிவிடும். பக்கத்திலேயே பெயரும் அவர் பார்க்க வந்த மருத்துவப் பிரிவும் இருந்தால் ஆளை அடையாளம் காண அதிக நேரமாகாது.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சில விதிவிலக்குகளைத் தவிர, உரியவரின் வெளிப்படையான இசைவு இல்லாமல் அதைக் கையாள முடியாது. 2024-இன் திருத்தத்துக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியிருக்கிறது. பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. தண்டத்தின் உச்சவரம்பு மூன்று லட்சம் ரிங்கிட்டிலிருந்து பத்து லட்சமாக உயர்ந்திருக்கிறது. நான் சொல்வது திருத்தத்துக்கு முந்திய கதை, ஆனால் முந்திய சட்டத்தின்படியும் அந்த நகல் தவறுதான்.

கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் இதை எழுப்பினால் அக்காவுக்குத் தலைகுனிவு; எழுப்பாவிட்டால் நகல் போய்விடும். ஆகவே முதலில் ஒரு மாற்று வழியைத் தயாரித்தேன். செயல்விளக்கத்துக்கு வேண்டியவை நோயாளிகளைப் போலத் தோன்றும் பதிவுகள் மட்டுமே என்பதால், கற்பனைப் பெயர்களையும் பொய்யான எண்களையும் உருவாக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். மலாய், சீன, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் அதில் வரும். நம் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பவற்றின் சாய்கோட்டையும் விடாமல் சேர்த்தேன். அந்தக் கோட்டால் எத்தனை இணையப் படிவங்கள் நம் பெயரை ஏற்க மறுத்திருக்கின்றன என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு அக்காவைக் கட்டடத்துக்குக் கீழே உள்ள மாமாக் கடைக்கு அழைத்துப் போய், "அக்கா, நகலை எடுப்பது நானாக இருந்தாலும், நாளைக்குக் கேள்வி வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள். அதற்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை" என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் திறந்து காட்டினேன்.

இதற்காகவா உன்னை உள்ளே கொண்டுவந்தேன் என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது. தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசாமல் இருந்துவிட்டு, பதிவுகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார். செயல்விளக்கம் பொய்ப் பதிவுகளோடுதான் நடந்தது. பிறகு அதுவே குழுவின் வழக்கமாகிவிட்டது. எங்களுக்கிடையே சில மாதங்கள் நெருக்கம் குறைந்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த விலையைக் கொடுக்காமல் இப்படிப்பட்ட பேச்சை நடத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னாள் குழுத் தலைவர், ஜார்ஜ் டவுன், பினாங்கு

மேலே உள்ள இரண்டும் நல்லபடியாக முடிந்தவை. எல்லாம் இப்படி முடியும் என்று இளையவர்கள் நம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பாதுகாப்புச் சோதனை முடியாத ஒரு வெளியீட்டை, முடிந்துவிட்டதாக வாடிக்கையாளரிடம் சொல்லுமாறு எனக்குக் கூறப்பட்டது. நான் மறுத்தேன், காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தேன். வாடிக்கையாளரிடம் வேறொருவர் சொன்னார், பதவி உயர்வும் அவருக்கே போனது. என்னைப் பழைய மென்பொருளைப் பராமரிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நானும் சிறிது காலத்தில் விலகிவிட்டேன். எழுதி வைத்த குறிப்பு என் வளர்ச்சிக்கு எவ்வகையிலும் உதவவில்லை. பின்னாளில் அந்த வெளியீட்டைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது என் பெயர் அதில் இழுபடாமல் இருக்க மட்டுமே உதவியது.

அது சிறிய உதவி என்று நினைப்பவர்கள் ஃபோக்ஸ்வாகன் வழக்கைப் படிக்கலாம். வண்டி சோதனைக் கூடத்தில் ஓடுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதைக் கண்டறிந்து, கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய மென்பொருள் 2015-இல் அம்பலமானது. அதில் பங்கேற்ற பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 2017 ஆகஸ்டில் டெட்ராய்ட் நீதிமன்றம் 40 மாதச் சிறையும் இரண்டு லட்சம் டாலர் தண்டமும் விதித்தது. நிறுவனத்தின்மீது கொண்ட விசுவாசத்தால் அவர் உடன்பட்டார் என்று வாதாடியும் சிறைத்தண்டனை தவிரவில்லை.

இன்னொன்று. மனம் கொதித்து ஃபேஸ்புக்கில் எழுதிவிடாதீர்கள். நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டை அமலாக்க முகமையிடம் தெரிவிப்பவருக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. சமூக ஊடகத்தில் கொட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மென்பொருள் மேலாளர், கே.எல். சென்ட்ரல், கோலாலம்பூர்

அண்ணன் எழுதியதை மறுக்க மாட்டேன்; அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பதை மட்டும் சேர்க்கிறேன். காலைக் கூட்டத்தில் ஒருவர் தொடர்ந்து "90 விழுக்காடு முடிந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். தாமதமாகும் என்பதை முன்கூட்டியே அறிந்தால், வேலையின் அளவைக் குறைக்கலாம், வாடிக்கையாளரிடம் பேசலாம், இன்னொருவரைச் சேர்க்கலாம். வெளியீட்டுக்கு முந்திய மாலையில் அறிந்தால், மன்னிப்புக் கடிதம் எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. ஆண்டு மதிப்பீட்டில் யாரை உயர்த்துவது என்று யோசிக்கும்போது, கெட்ட செய்தியை வாடிக்கையாளரிடமிருந்து கேட்டேனா, என் ஆளிடமிருந்தே கேட்டேனா என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த சிலர், தங்கள் ஆங்கிலத்தை நினைத்தே கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. என்னிடம் வேலை செய்த ஒரு தம்பி கூட்டத்துக்கு முன்பே அரைப் பக்கக் குறிப்பை அனுப்பிவிடுவார்: எது நடக்கிறது, எது தடை, என்னிடமிருந்து என்ன வேண்டும். கூட்டத்தில் பேச்சு அந்தக் குறிப்பைச் சுற்றியே நடக்கும். அவர் அதிகம் பேச வேண்டியிருக்காது. அவர் இப்போது ஒரு குழுவை நடத்துகிறார்.

புதிய பட்டதாரி, செந்தூல், கோலாலம்பூர்

அக்கா, ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். ஆட்களை ஒப்பந்த அடிப்படையில் அனுப்பும் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தருவதாகச் சொல்கிறது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் சுயவிவரத்தில் மூன்று ஆண்டு அனுபவம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்; எனக்கு இருப்பது தொழிற்பயிற்சி மட்டும். ஒப்பந்தத்தில், விலகினால் 12 மாதங்களுக்கு இதே துறையில் வேலை செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. கையொப்பமிடலாமா?

மென்பொருள் மேலாளர், கே.எல். சென்ட்ரல்

தம்பி, இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். சுயவிவரத்தில் அந்த வரியைத் திருத்தி, "என் சரியான விவரம் இது, இதையே அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். அவர்கள் ஏற்காவிட்டால் அந்த வேலை உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் வாடிக்கையாளரின் நேர்முகத் தேர்வில் அந்த மூன்று ஆண்டுகளுக்குக் கதை சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒருவர் தம் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. மிகச் சில விதிவிலக்குகளே உண்டு. அதனால் வேலையை விட்ட பிறகு வேறிடத்தில் சேரக் கூடாது என்ற வரி பெரும்பாலும் மிரட்டலோடு நின்றுவிடும். ஆனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தம் வேறு, இரகசியக் காப்பு வேறு. அவை உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும். வேலைக்காக எழுதிய நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி முதலாளிக்கே உரியது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் உங்கள் கணக்கில் அதை ஏற்றாதீர்கள். கையொப்பமிடுவதற்கு முன் முழு ஒப்பந்தத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள், அந்த மின்னஞ்சலை மட்டும் இன்றே அனுப்பிவிடுங்கள்.