வாசிப்புப் பட்டியல் மென்பொருள் நம் கல்லூரி நூலகங்களுக்குத் தேவைதானா?

நூலடுக்கு எழுதியது:

தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் 16 ஆண்டுகளாக நூலகராக இருக்கிறேன். வரும் பருவத்திலிருந்து ஒவ்வொரு தாளுக்குமான வாசிப்புப் பட்டியலைக் கணினியில் ஏற்றி நூலகப் பட்டியலோடு இணைக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் முன்மொழிந்தேன். “பாடத்திட்டத்தின் கடைசியில்தான் அச்சிட்டிருக்கிறதே, அது போதாதா?” என்று கேட்டு அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிட்டார்கள்.

போதாது என்பதே என் வாதம். சென்ற ஆண்டு பொருளியல் தாள் ஒன்றின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்குகளில் தேடிப் பார்த்தேன். பட்டியலில் இருந்த 6 நூல்களில் ஒன்று அச்சிலேயே இல்லை. இன்னொன்றின் ஆசிரியர் பெயர் பிழையாக இருந்தது. மூன்றாவது நூல் எங்களிடம் இருந்தும், பாடத்திட்டம் பழைய பதிப்பின் அத்தியாய எண்ணைச் சொன்னதால், பிள்ளைகள் தொடர்பே இல்லாத அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். முதன்மைப் பாடநூலுக்கு 3 படிகள், வகுப்பில் 120 பேர். 14 நாள் தவணையில் கொடுத்தால், 18 வாரப் பருவத்தில் ஒரு படி 9 பேரிடம் போகும். மூன்றும் சேர்ந்து 27 பேரிடம். மீதி 93 பேர் அந்த நூலைக் கண்ணாலும் பார்க்க மாட்டார்கள். அதே 3 படிகளை 2 மணி நேர உள்வாசிப்புக்கு ஒதுக்கினால், 10 மணி நேரம் திறந்திருக்கும் நூலகத்தில் நாளொன்றுக்கு 15 பேர் படிக்கலாம், 8 நாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்.

இதற்குப் புதிதாகச் செலவு எதுவும் இல்லை. கோஹா என்ற கட்டற்ற நூலக மென்பொருளிலேயே பாடவாரியாக நூல்களை ஒதுக்கும் பகுதி இருக்கிறது. தாளின் பெயர், பருவம், ஆசிரியர், மாணவர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பதிந்து, நூலின் பார்கோடை ஸ்கேன் செய்தால் அதன் வகையும் இருப்பிடமும் தற்காலிகமாக மாறும். பருவம் முடிந்து பாடத்தைச் செயலிழக்கச் செய்ததும் எல்லாம் பழையபடி திரும்பிவிடும். மாணவருக்கு அந்தத் தாளின் பெயரைத் தேடினாலே போதும்.

கரும்பலகை எழுதியது:

நூலடுக்கு அவர்களின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அது படிகள் போதாத சிக்கல், அதற்குத் தீர்வு மேலும் படிகள் வாங்குவதே. 22 ஆண்டுகளாக வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

முதலாவது, பட்டியலைத் தீர்மானிப்பது பாடத்திட்டக் குழு, வகுப்பெடுப்பவர் அல்லர். நாங்கள் தேர்ந்தெடுக்காத பட்டியலை நாங்களே தட்டச்சு செய்து ஏற்ற வேண்டுமா? தர மதிப்பீட்டுக்காக ஏற்கெனவே நிரப்பிவரும் கோப்புகளின் எடையை நூலகர்கள் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. யாராவது, நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்த ரங்கநாதனின் நான்காம் விதியை எடுத்துக்கொண்டு, வாசகரின் நேரத்தைச் சேமிக்கத்தானே இதெல்லாம் என்று வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அவருக்கு மூன்றாம் விதியும் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர்களை அடுக்குகளுக்கு இடையே நடமாட விட்டவர் அவர். ஒரு நூலைத் தேடிப் போய் பக்கத்து நூலோடு திரும்பி வந்த அனுபவம் நம் தலைமுறையில் எல்லாருக்கும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு சொடுக்கில் கொடுத்துவிட்டால், பட்டியலில் இல்லாத நூலை யார் தொடுவார்கள்?

வடகடல் எழுதியது:

பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடத்துறைக்கான நூலகராகப் பணிபுரிகிறேன். இங்கே வாசிப்புப் பட்டியல் மென்பொருள் புதிதல்ல. லஃபரோ பல்கலைக்கழக நூலகம் தனக்கென ஒன்றைத் தானே எழுதி இருபது ஆண்டுகள்போல் ஓட்டியது. ஆசிரியர் ஒவ்வொரு நூலுக்கும் ‘கட்டாயம்’, ‘பரிந்துரை’, ‘மேலும் வாசிக்க’ என்று ஒரு குறி இடுகிறார். அந்தக் குறியையும் மாணவர் எண்ணிக்கையையும் வைத்து எத்தனை படிகள் வாங்குவது, மின்னூல் வாங்குவதா, அத்தியாயத்தை மட்டும் ஸ்கேன் செய்து தருவதா என்று நூலகம் முடிவெடுக்கிறது. பதிப்புரிமை உரிம நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி ஒரு பாடத்துக்கு ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் அல்லது 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு ஸ்கேன் செய்யலாம். ஆகவே கரும்பலகை ஐயா சொல்லும் ‘மேலும் படிகள்’ என்பதை வாங்கும் குழுவிடம் எண்ணோடு நிரூபிக்கக் கைகொடுப்பதே இந்தப் பட்டியல்தான்.

ஆனால் இங்கே எல்லாம் சீராக நடப்பதாகவும் நினைத்துவிட வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் சென்ற ஆண்டுப் பட்டியலை அப்படியே அடுத்த ஆண்டுக்கு நகர்த்திவிடுவதே வழக்கமாக இருந்தது. ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் பட்டியலில் 80க்கும் மேற்பட்ட நூல்கள் இருந்தன, எல்லாமே ‘கட்டாயம்’. பாதி இணைப்புகள் திறக்கவில்லை. அவற்றைச் சரிசெய்யவே ஒரு கோடைக்காலம் போயிற்று.

அட்டவணையாளர் எழுதியது:

வடகடல் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மென்பொருள்களை யார் வைத்திருக்கிறார்கள்? லெகாண்டோ என்ற வாசிப்புப் பட்டியல் மென்பொருளை உருவாக்கிய எக்ஸ் லிப்ரிஸை, நூலகங்களுக்கு மின்னூல் விற்கும் புரோகுவெஸ்ட் நிறுவனம் 2015இல் வாங்கியது. 2021இல் புரோகுவெஸ்டையே கிளாரிவேட் வாங்கியது. இதே வகை மென்பொருளைத் தரும் டாலிஸை 2018இல் வாங்கியது சேஜ், அதாவது ஒரு பதிப்பகம். எந்த வகுப்பில் எத்தனை பேர் எந்த நூலைத் திறக்கிறார்கள் என்ற தகவல், அதே நூல்களை விற்பவர்களின் குடும்பத்துக்குள்ளேயே சேர்கிறது. 2025 பிப்ரவரியில் கிளாரிவேட், இனி மின்னூல்களை ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வாங்க முடியாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. நூலகங்கள் கொதித்தெழுந்த பிறகு காலக்கெடுவைத் தள்ளிவைத்தது. கடையையும் கடைக்குப் போகும் வழியையும் ஒருவரே வைத்திருந்தால் நாம் என்ன பேரம் பேச முடியும்? கோஹா என்றால் எனக்கு மறுப்பில்லை. விலைக்கு வாங்குவதென்றால் முழு மறுப்பு.

நகலெடுப்பைப் பொறுத்தவரை நம் நிலைமை வேறு. தில்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாக ஜெராக்ஸ் கடையையும் எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கை 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கற்பிக்கும் போக்கில் நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்பதே அதன் அடிப்படை. அந்த டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு, நகலெடுத்த பகுதி கற்பித்தலுக்குத் தேவையானதுதானா என்பதை விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. கவனியுங்கள், அந்த வழக்கு காகித நகல்களைப் பற்றியது. முழு நூலின் பி.டி.எஃப்.ஐக் கல்லூரித் தளத்தில் ஏற்றிவிட்டு இந்தத் தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம். ஆனால் ‘எது தேவை’ என்று அமர்வு கேட்டதே, அந்தக் கேள்விக்கு ஆசிரியர் எழுத்தில் கொடுக்கும் பதில்தான் வாசிப்புப் பட்டியல்.

மூன்றாம் பருவம் எழுதியது:

நான் மாணவி. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பெரியவர்கள் பேசும் இடத்தில் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு செய்தி சொல்ல வேண்டும்.

கரும்பலகை ஐயா, அடுக்குகளுக்கு இடையே நடந்து திரிய எனக்கும் ஆசைதான். எங்கள் ஊருக்குப் போகும் கடைசி நேரடிப் பேருந்து 4.10க்கு, கடைசி வகுப்பு முடிவது 3.45க்கு. எங்கள் வகுப்பின் வாசிப்புப் பட்டியல் இப்போது வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. யாரோ கைப்பேசியில் படமெடுத்த பக்கங்கள். 112க்குப் பிறகு 115 வருகிறது, ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கட்டைவிரல் தெரிகிறது. அதைத்தான் 60 பேரும் படித்துத் தேர்வு எழுதினோம்.

நூலடுக்கு ஐயா, உங்கள் 2 மணி நேரக் கணக்கு விடுதி மாணவர்களுக்குப் பொருந்தும். எங்களைப் போன்றவர்களுக்கு மாலையில் எடுத்துப் போய் மறுநாள் காலை 9.30க்குள் திருப்பித் தருவதுபோல் வைத்தால்தான் பயன்.

நூலடுக்கு எழுதியது:

அந்தக் கட்டைவிரல் என்னைச் சுட்டுகிறது, தங்கையே. ஒரு படி எப்போதும் நூலகத்திலேயே இருக்கட்டும். மற்ற இரண்டையும் பகலில் உள்வாசிப்புக்கும் 3.45 மணிக்கு மேல் இரவுத் தவணைக்கும் விடலாம். இரவில் 2 பேர்தான் என்றாலும், 90 வேலை நாளில் 180 முறை நூல் வெளியே போய் வரும்.

இன்னொன்று. தமிழ்த் துறைக்கு இந்தப் படிக் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது. உ.வே.சா. 1892இல் பதிப்பித்த சிலப்பதிகாரத்தின் பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் படிக்கலாம். பட்டியலில் சரியான பதிப்பின் இணைப்பைக் கொடுத்தால் 120 பேரும் ஒரே இரவில் படிக்கலாம். முதலில் இந்தத் துறையில் தொடங்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கரும்பலகை எழுதியது:

பேருந்து நேரத்தைப் படித்த பிறகு என் இரண்டாவது மறுப்பை அதே குரலில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வெறும் நூற்பெயர்களின் வரிசையை நான் வாசிப்புப் பட்டியல் என்று ஏற்க மாட்டேன். ஒவ்வொரு நூலுக்கும் கீழே ஆசிரியர் ஏன் இதைச் சொல்கிறார் என்று இரண்டு வரி இருக்க வேண்டும். ‘இந்த அத்தியாயத்தில் நிலவரி பற்றிய முதல் பகுதி போதும், இவருடைய முடிவை அடுத்த நூல் மறுக்கிறது, இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு வகுப்புக்கு வாருங்கள்’ என்பதுபோல. அதைப் பாடத்திட்டக் குழு எழுத முடியாது; நான்தான் எழுத வேண்டும். தட்டச்சு வேலையை நூலகம் பார்த்துக்கொண்டால், என் தாள் ஒன்றுக்கு அந்த வரிகளை எழுதித் தர ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு நிபந்தனை. எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற கணக்கு நூலகத்தைத் தாண்டக் கூடாது. நாளைக்கு முதல்வர் அறையில் ‘உங்கள் பட்டியலை 11 பேர்தான் தொட்டிருக்கிறார்கள்’ என்று என்னிடம் கேட்பார்கள்.

நூலடுக்கு எழுதியது:

நூலுக்கு நூல் குறிப்பு எழுத கோஹாவில் இடம் உண்டு. மாணவர் பார்க்கும் பக்கத்திலும் அது தெரியும். தட்டச்சு நூலகத்தின் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். மாணவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது, அதற்கும் உறுதி. ஆனால் எண்ணிக்கையை முதல்வரிடம் காட்டாமல் நான்காவது படிக்கு நான் எப்படிப் பணம் கேட்பது, ஐயா?

கரும்பலகை எழுதியது:

நூலின் பெயரோடு காட்டுங்கள். ஆசிரியரின் பெயரோடு காட்டாதீர்கள்.

அட்டவணையாளர் எழுதியது:

ஒரு தாளை ஒருவரே எடுக்கும் துறையில் இரண்டும் ஒன்றுதானே, ஐயா.