ஜார்ஜ் வேயா அதிபரானது புகழாலா?

கேள்வி: 1996-ல் இத்தாலியின் வெரோனா கால்பந்து அணிக்கு எதிராகத் தன் கோல் பக்கத்திலிருந்தே பந்தைத் தனியாக ஓட்டிப்போய் வேயா அடித்த கோலை இன்றும் போட்டுப் பார்ப்பேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் அதிபரானது அந்தப் புகழால்தானா?

பதில் 1: புகழ் போதுமென்றால் 2005-லேயே ஜெயித்திருப்பார். முதல் சுற்றில் முந்தியும், இரண்டாம் சுற்றில் எலன் ஜான்சன் சர்லீஃபிடம் தோற்றார். படிப்பு போதாது என்றார்கள். அப்புறம் போய்ப் படித்தார். 2014-ல் செனட்டர், 2018 ஜனவரியில் அதிபர்.

கேட்டவர்: சரி, ஆட்சி எப்படி?

பதில் 2: விலைவாசியும் ஊழல் புகாரும் பெயரைக் கெடுத்தன. ஆனால் 2023-ல் மயிரிழையில் தோற்றபோது, இறுதி முடிவு வரும் முன்பே தன்னை வென்ற ஜோசப் போக்காயைப் போனில் அழைத்து வாழ்த்தினார். இரண்டு உள்நாட்டுப் போரைப் பார்த்த நாடு அது. எனக்கு அந்த கோலைவிட இந்த அழைப்புதான் பெரிது.

கேட்டவர்: இது தெரியாது அண்ணா, நன்றி.