ஹெட்ஃபோனுக்கு ஏற்ற ஆம்ப்: பட்டுத் தெரிந்துகொண்டவை

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்களுடையதை எழுதுங்கள்.

32 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். லேப்டாப்பில் மாட்டினால் நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் இருக்கும் பழைய இன்டெகிரேட்டட் ஆம்பின் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) முன்பக்கத்துப் பெரிய ஜாக்கில் மாட்டினால் பாஸ் வீங்கிப்போய்க் கேட்டது. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) விழும் ஒவ்வொரு அடியும் அடுத்த அடி வரும்வரை இழுத்துக்கொண்டே போனது. கும்கி (தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் ஒலி) கொடுக்கும்போது அந்த வழுக்கல் தனியாகக் காதில் விழ வேண்டும், இல்லையா? இங்கே எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாக இருந்தது. அதே ஆம்ப் ஸ்பீக்கரில் அவ்வளவு அழகாக ஒலிக்கிறது. அதனால் ஹெட்ஃபோன்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்கவும் தயாராகிவிட்டேன்.

அதற்கு முன் ஒரு நாள் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஜாக்கில் ஹெட்ஃபோன் இல்லாமல், மீட்டர் 1 வோல்ட் காட்டும்வரை வால்யூமைத் திருப்பினேன். குமிழை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சேனலுக்குக் குறுக்கே 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன். 1 வோல்ட் இருந்த இடத்தில் 0.091 வோல்ட்! ஒன்றை 0.091ஆல் வகுத்து, அதில் ஒன்றைக் கழித்து, 33ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 330. அதாவது அந்த ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்ப் பக்கத்திலேயே இருக்கும் மின்தடை) 330 ஓம். மூடியைக் கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலிருந்தே சேனலுக்கு ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஜாக்குக்கு இணைப்பு கொடுத்திருந்தார்கள்.

பழைய ஆம்ப்களில் இது சாதாரண விஷயம். ஹெட்ஃபோனுக்குத் தனி சர்க்யூட் போடாமல், ஸ்பீக்கர் வெளியீட்டையே ரெசிஸ்டரால் அடக்கிக் கொடுப்பார்கள். 1996இல் வந்த சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 61938 தரநிலைகூட 120 ஓம் என்றுதான் பரிந்துரைத்தது. ஆகவே ஆம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வேறு வகை ஹெட்ஃபோனை மனதில் வைத்துச் செய்தது.

சரி, 330 ஓம் இருந்தால் பாஸ் ஏன் வீங்குகிறது? டைனமிக் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி இருக்காது. என்னுடையது பெயருக்கு 32 ஓம். அளந்து பார்த்தால் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 60 ஓமுக்கு ஏறுகிறது, ஏனென்றால் டிரைவர் இயல்பாகவே அதிரும் இடம் அதுதான். எதிரே 330 ஓம் நின்றால் இம்பீடன்ஸ் கூடுகிற இடத்தில் ஹெட்ஃபோனுக்குக் கிடைக்கும் வோல்டேஜும் கூடுகிறது. கணக்குப் போட்டால் 80 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 5 டெசிபல் அதிகம். டோன் கன்ட்ரோலில் பாஸைத் திருகிவைத்த மாதிரிதான். போதாததற்கு, டிரைவரின் அதிர்வை ஆம்ப் பிடித்து நிறுத்தும் பிடியும் தளர்ந்துவிடுகிறது.

1 ஓமுக்கும் குறைவான அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை வாங்கி, பழைய ஆம்பின் டேப் அவுட்டிலிருந்து (வால்யூம் குமிழுக்கு முன்பே சிக்னலை வெளியே தரும் சாக்கெட்) அதற்கு ஒயர் இழுத்தேன். தொப்பி அடி விழுந்தது, நின்றது. அந்த இரவு ஒரே தனி ஆவர்த்தனத்தை நாலு முறை கேட்டேன்.

ஆனால் ஒன்று. என்னிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது, 300 ஓம். அதை இன்றும் பழைய ஜாக்கில் கேட்கத்தான் எனக்குப் பிடிக்கிறது. அதன் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டும். 330 ஓமோடு சேர்ந்தால் அங்கே 2 டெசிபல் போல ஏற்றம் வரும். அந்தக் கதகதப்பு குரலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒலியை மாற்றாமல் கேட்க அது நல்ல அளவுகோல். பிடித்ததைக் கேட்பதற்கு அதை ஒரு தடையாக நான் வைத்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதன்பிறகு இன்னும் பெரிய ஆம்ப் ஒன்றை இரவல் வாங்கி ஒப்பிட்டேன். முதல் நாள் அது எங்கேயோ இருப்பதாகத் தோன்றியது. மீட்டரை வைத்து இரண்டிலும் 0.3 வோல்ட் வரும்படி, நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் சரிசெய்ததும், எது எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதல் நாள் பெரிய ஆம்ப் கொஞ்சம் சத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

*

வணக்கம் நண்பரே. என் அனுபவம் இதற்கு நேர் எதிர். எனக்கு இம்பீடன்ஸ் பிரச்சினை தரவில்லை, கரன்ட்தான் காலை வாரியது.

என்னிடம் இருந்த கையடக்க ஆம்ப் பேயர்டைனமிக் டிடி 880 ஹெட்ஃபோனின் 600 ஓம் வகையைத் தாராளமாக ஓட்டியது. 600 ஓமையே ஓட்டுகிற ஆம்புக்கு 50 ஓம் எம்மாத்திரம் என்று நினைத்து, ஹைஃபைமேன் எச்இ-6 ஹெட்ஃபோனை அதில் மாட்டினேன். மெல்லிய பாட்டு வரை ஒன்றும் தெரியவில்லை. தவில் நுழைந்ததும் ஒவ்வொரு அடியின் தலையும் வெட்டுப்பட்டு, காகிதம் கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு வந்தது.

அப்புறம்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். உச்சத்தில் 110 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டிடி 880க்கு 1 மில்லிவாட்டில் 96 டெசிபல், எனவே 25 மில்லிவாட் போதும்: 3.9 வோல்ட், 6.5 மில்லிஆம்பியர். எச்இ-6க்கு 1 மில்லிவாட்டில் 83.5 டெசிபல்தான். கிட்டத்தட்ட 450 மில்லிவாட் வேண்டும்: 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். வோல்டேஜ் இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது, கரன்ட் மட்டும் 14 மடங்குக்கு மேல். என் ஆம்பின் சிப் அந்தக் கரன்ட்டைக் கொடுக்க முடியாமல் திணறியிருக்கிறது.

ஆகவே பெட்டியில் ஓம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். சென்சிட்டிவிட்டியையும் (எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது) சேர்த்துப் பாருங்கள், அதிலும் அந்த டெசிபல் ஒரு மில்லிவாட்டுக்கா ஒரு வோல்ட்டுக்கா என்று கவனமாகப் பாருங்கள். 300 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் நடுவே 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும்.

இப்போது எச்இ-6ஐ ஸ்டீரியோ ஆம்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலேயே மாட்டிக் கேட்கிறேன். இது பிளேனார் (தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை). இம்பீடன்ஸ் மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே கோடு, அதனால் நீங்கள் சொன்ன பாஸ் வீக்கம் இதற்கு வராது. ஆனால் 50 வாட் ஆம்ப் 20 வோல்ட் வரை தள்ளும். 50 ஓமில் அது 8 வாட். காதும் போகும், ஹெட்ஃபோனும் போகும். வால்யூமைச் சுழியத்தில் வைக்காமல் நான் பிளக்கைத் தொடுவதே இல்லை.

*

மேலே எழுதியவரின் யோசனையைச் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

நானும் ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டினேன். என் ஆம்ப் பிரிட்ஜ் வகை என்பது எனக்குத் தெரியாது. அதில் கறுப்பு டெர்மினல் கிரவுண்ட் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. சாதாரண மூன்று முனை ஜாக்கில் இடது, வலது இரண்டின் மைனஸும் ஒன்றாக இணைந்திருக்கும். மாட்டிய மறுநொடி இரண்டு சேனலின் மைனஸும் ஷார்ட் ஆகி, ஒரு சின்ன 'டப்', அப்புறம் கருகல் வாசனை. வெளியீட்டு சிப் போய்விட்டது. ஹெட்ஃபோன் தப்பியது.

4.4 மி.மீ. அல்லது நாலு முனை எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு (இரு சேனலுக்கும் மைனஸ் தனித்தனியாக உள்ள) வெளியீட்டிலிருந்து சாதாரண ஜாக்குக்கு மாற்றும் அடாப்டர்களிலும் இதே ஆபத்து உண்டு. பேலன்ஸ்டு ஹெட்ஃபோனைச் சாதாரண ஜாக்கில் மாட்ட மாற்றுவது பரவாயில்லை, இந்தப் பக்கம் கூடவே கூடாது.

*

தம்பிகளா, வால்வ் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகையில் ஹெட்ஃபோனுக்கு முன்னால் ஒரு கெபாசிட்டர் இருக்கும். என்னுடையதில் 100 மைக்ரோஃபாரட். 300 ஓமோடு சேர்ந்தால் அது 5 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வெட்டும், காதுக்கே எட்டாத இடம். 32 ஓமை மாட்டினால் 50 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும், அதற்குக் கீழே இன்னும் சரியும். வெகுநாள் வரை வால்வ் என்றாலே பாஸ் மெலிவுதான் என்று நினைத்திருந்தேன். 300 ஓம் ஹெட்ஃபோனை மாட்டிய அன்று அதே பெட்டியிலிருந்து தம்புராவின் மந்தர சுருதி அறை முழுக்க நின்ற மாதிரி இருந்தது. இவ்வளவு வருடம் அதற்குச் சரியான துணையைக் கொடுக்காமல் வைத்திருந்தேனே என்று வருத்தமாகவே இருந்தது.

*

எனக்கு வந்தது இரைச்சல். பல ஆர்மேச்சர் (குட்டி டிரைவர்) உள்ள இன்-இயர், அதாவது காதுக்குள் செருகும் ஹெட்ஃபோன் அது. ஸ்டீரியோவில் பாட்டே போடாதபோதும் "ஸ்ஸ்" என்று கேட்டது. வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே இடது பக்கம் தூக்கலாக இருந்தது. குமிழின் ஆரம்ப இடத்தில் இரண்டு சேனலும் சரியாகச் சேராது, அதுதான் காரணம். கெயின் சுவிட்சை (ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதை மாற்றுவது) கீழே தள்ளிவிட்டு, குமிழைப் பாதிக்கு மேல் ஏற்றி வைத்தேன். இரண்டும் தீர்ந்தன. நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டு அடக்கிப் பார்த்தபோது இரைச்சல் போனது உண்மை, ஆனால் குரலின் நிறமே மாறிவிட்டது. முதல் பதிவில் சொன்ன அதே காரணம்தான். உடனே எடுத்துவிட்டேன்.

*

மீண்டும் நான்தான். பிரிட்ஜ் ஆம்ப் பற்றி எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி. படித்ததும் போய் என் பழைய ஆம்பை அணைத்து, ஒயர்களைக் கழற்றிவிட்டு, இடது கறுப்புக்கும் வலது கறுப்புக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 'பீப்' என்றது. இரண்டும் ஒரே கிரவுண்ட்தான். எச்இ-6 வைத்திருக்கும் நண்பரே, நானும் ஒரு பிளேனார் இரவல் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கர் டெர்மினலில் நீங்கள் நேரடியாக மாட்டினீர்களா, குறுக்கே ரெசிஸ்டர் ஏதாவது வைத்தீர்களா? எழுதுங்கள், அதுவரை கை வைக்க மாட்டேன்.