கச்சான் காற்றுக் காலத்துச் சமையலும் திருமலையில் மறக்க முடியாத சில சாப்பாடுகளும்

உப்புவெளியிலிருந்து:

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் சமையலின் நேரமே மாறிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமிருந்த மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே பெய்து தீர்த்துவிட்டு, ஈரமற்ற சூட்டோடு கிழக்குக் கரைக்கு இறங்குவதால், ஆனி, ஆடி மாதங்களில் வெப்பமானி 35 பாகையைத் தொடுவது எவருக்கும் புதினமல்ல. மாரியில் காலையில் ஆக்கிய கறியை இரவுச் சாப்பாட்டுக்கும் வைத்திருக்கும் வீடுகளில்கூட, இந்த மாதங்களில் தேங்காய்ப்பால் விட்ட எதுவும் பொழுதுபடும்வரை தாங்காது. ஆகவே கோடைச் சமையலின் பாதித் திறமை, எதை எந்த நேரத்தில் ஆக்கி எத்தனை மணிக்குள் உண்டு முடிப்பது என்று அறிந்திருப்பதில் இருக்கிறது. வெளியே சாப்பிட்டு இன்றும் என் நினைவில் நிற்கும் சாப்பாடுகளும் இந்தக் கணக்குப் பிசகாத இடங்களில் கிடைத்தவையே.

எங்கள் வீட்டில் மாமியார் வைத்துப்போன ஒழுங்கு ஒன்று உண்டு: பால்கறி பகலுக்கு, புளிக்கறி இரவுக்கு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னரே சோறும் ஒரு பால்கறியும் ஒரு கீரையும் அடுப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும். இரவுக்கான மீனைத் தேங்காய்ப்பால் சேர்க்காமல், பழப்புளி கரைத்துவிட்டு, உள்ளியும் வெந்தயமும் மிளகாய்த்தூளும் போட்டு மண்சட்டியில் வற்றவிட்டு வைத்தால், அது மறுநாள் காலை பாணுக்கும் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும். குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு இந்த ஒழுங்கு தேவையில்லை என்று பிள்ளைகள் வாதிடுவார்கள். சூடு தணியாத கறியை உள்ளே வைத்து, பிறகு எடுத்து மீண்டும் கொதிக்கவைத்தால் பால் திரைந்து எண்ணெய் வேறாகிவிடுகிறது என்பதால் நான் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

பகலுக்கான பால்கறிகளில் விளைமீன் சொதிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல என்னால் முடியாது. சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கீறிப் போட்டு, வெந்தயம், இரண்டு பல் உள்ளி, மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்து, இரண்டாம் பாலில் வெங்காயம் பளபளப்பாகும் வரை கொதிக்கவிட வேண்டும். மீன் துண்டுகளை அதற்குப் பிறகுதான் இட வேண்டும். அன்று காலையில் கரைக்கு வந்த மீனாக இருந்தால் சில நிமிடங்களில் சதை வெளுத்து, முள்ளிலிருந்து விலகுவதற்கு ஆயத்தமாகிவிடும். முதற்பாலை விட்ட பின்னர் அகப்பையை நிறுத்தக் கூடாது. சட்டியின் ஓரத்தில் நுரை கட்டி, நடுப்பகுதி எழும்பப் பார்க்கும் அந்தக் கணத்திலேயே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப்புளியை அடுப்பில் இருக்கும்போது விடுபவர்களை நான் கண்டிருக்கிறேன். சொதி கைப்பதற்கும் திரைவதற்கும் அதுதான் காரணம். சூடு சற்று அடங்கியபின் பிழிந்தால் வெள்ளை நிறமும் மணமும் அப்படியே நிற்கும். இதனோடு சிவப்பரிசிச் சோறும், முருங்கையிலை வறையும், உரலில் இடித்த மாங்காய்ச் சம்பலும் இருந்தால் போதும். மாங்காய்ச் சம்பலுக்கு வறுத்த செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பிறகு தேங்காய்ப்பூவைச் சேர்த்து, மாங்காயைக் கடைசியாக இரண்டு இடி மட்டும் இடிப்பது எங்கள் வழக்கம். அரைபட்டுப்போன மாங்காய் தண்ணீர் விட்டுச் சம்பலை நசநசக்கச் செய்துவிடும்.

காலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு நீரூற்றி வைத்த பழஞ்சோற்றில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டு, தயிர் விட்டுப் பிசைந்து குடித்துவிட்டு வேலைக்குப் போகிறவருக்குப் பத்து மணி வெயிலும் பெரிதாகத் தெரியாது.

வெளியே சாப்பிட்டவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது நகரில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு சைவக் கடையின் மதியச் சாப்பாடு. நான்கு மேசைகள், வாழையிலை, ஒரு மின்விசிறி. பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், அகத்திக்கீரை, இரசம், மோர் என்பதைத் தவிர அங்கே வேறு எதுவும் கிடையாது. ஒன்றரை மணிக்குப் போனால் முதலாளி வாசலிலேயே நின்று, “முடிஞ்சுது தங்கச்சி, நாளைக்கு நேரத்தோட வாங்கோ” என்று கையை விரித்துவிடுவார். அலுவலகத்தில் பலர் அவரைக் குறை கூறினார்கள். வாடிக்கையாளர்கள் வந்துகொண்டிருக்கும்போது இன்னும் ஒரு பானை ஆக்கினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. கோடையில் “முடிஞ்சுது” என்று சொல்லத் தெரிந்த கடைதான் நம்பிச் சாப்பிடக்கூடிய கடை என்பது என் முடிவு. அங்கே சாப்பிட்ட கத்தரிக்காய்ப் பால்கறியில் பால் ஒரு சொட்டும் புளித்திருக்கவில்லை. கத்தரிக்காயின் தோல் ஊதா நிறம் மாறாமல் இருந்தது. காலையில் பறித்ததை நண்பகலுக்குச் சற்று முன் ஆக்கியிருந்தால் மட்டுமே அது நடக்கும்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை உல்லாசப் பயணிகள் நிறையும் எங்கள் கரையோரத்தில், நீண்ட உணவுப் பட்டியலுடன் இருந்த ஓர் உணவகத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் சென்றேன். கடல் அலை காலடியில் அடிக்க, எங்களுக்குப் பரிமாறப்பட்ட “இன்றைய மீன்” உறைநிலையிலிருந்து எடுத்து இளக்கப்பட்ட மீனாக இருந்தது. முள்ளந்தண்டையொட்டிய சதை பஞ்சாகக் கிடந்தது, விலையோ நகரத்து விலையைப் போல் மூன்று மடங்கு. அடுத்த நாள் மாலை அதே உறவினரை நிலாவெளி வீதியில் ஒரு வீட்டு முற்றத்தில் இடியப்பம் அவித்து விற்கும் அம்மாவிடம் கூட்டிச் சென்றேன். அவர் தட்டுகளை ஆவியிலிருந்து இறக்கி, இடியப்பத்தைக் கையால் தட்டி வாழையிலையில் விழுத்தி, அப்போதுதான் இறக்கிய சொதியை ஊற்றித் தந்தார். மாலை ஆறு மணிக்கு முன் அவர் தேங்காயைத் திருவுவதே இல்லையாம். முதல் நாள் செலவைப் பற்றிய பேச்சு அதன் பிறகு எங்கள் உறவினரிடமிருந்து எழவில்லை.

டச்சு விரிகுடாக் கடற்கரையின் இறால் வடையைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத வேண்டும். கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து கடைக்காரரின் கூடையில் மூக்கை நுழைக்கும் அந்த இடத்தில், தலையோடும் மீசையோடும் முழு இறால் பதித்த வடையை எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுத்த கையோடு வாங்க வேண்டும். தட்டில் குவித்து வைத்திருப்பதை வாங்குவது பிழை. உப்புக் காற்றில் அது சிறிது நேரத்திலேயே தொய்ந்துவிடும்.

கிண்ணியாவிலிருந்து:

உப்புவெளிச் சகோதரி தயிரை ஒரு வரியில் கடந்து சென்றது எங்கள் ஊருக்குச் சற்று மனவருத்தமே. எருமைப்பாலில் கொழுப்பு பசுப்பாலைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதால், நன்றாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, மண்சட்டியில் வைத்தால் கத்தியால் வெட்டும் பதத்தில் உறைகிறது. மண்சட்டியின் சுவர் தயிரின் மேலதிக நீரை உறிஞ்சி வெளியே காற்றில் உலரவிடுவதால் சட்டியும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிளாஸ்டிக் கோப்பைத் தயிரில் மேலே நீர் நிற்பதற்கும் சட்டித் தயிரில் அப்படி நில்லாமைக்கும் இதுவே காரணம். ஆனால் கச்சான் காலத்தில் உறை வேகமாகப் பிடித்து, அதே வேகத்தில் புளிப்பும் ஏறிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் கோடையில் உறையின் அளவைக் குறைத்து, நோன்பு நாளில் சஹர் உணவுக்கு எழும்புவதுபோல் விடியுமுன் எழுந்து பார்ப்பார்கள். 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகரத்துக்கு வர வேண்டுமானால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் விருந்துக்குப் போகும் உம்மா வெயிலில் வரிசையில் நிற்கும்போது தயிர்ச் சட்டியை ஈரத்துணியால் சுற்றி மடியிலேயே வைத்திருப்பார்.

புளிக்கறியைப் பற்றிச் சகோதரி எழுதியதோடு எங்கள் புளியாணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மீன், புளி, பச்சை மிளகாய், வெங்காயம், நசுக்கிய சீரகமும் உள்ளியும். தேங்காய்ப்பால் அறவே இல்லை. தண்ணீராக இருக்கும் இதைச் சோற்றில் விட்டுச் சாப்பிடுவதைவிடக் கோப்பையில் ஊற்றிக் குடிப்பவர்களே அதிகம். வெயிலில் திரிந்து பசி செத்துப்போனவருக்கு இது ஒன்றுதான் இறங்கும்.

எனக்கு மறக்க முடியாத சாப்பாடு கடையில் கிடைத்ததன்று. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமத்து வயல்களில் சிறுபோக அறுவடை நடக்கும் ஆவணி மாதத்தில், என்னோடு ஒரே காரியாலயத்தில் பணியாற்றிய நண்பர் தம் வயலுக்கு அழைத்தார். மருத மர நிழலில் சாக்கு விரித்து, அறுவடைக்காரர்களோடு எங்களையும் இருத்தி, புதுநெல் குத்திய அரிசிச் சோறும் கருவாடும் கத்தரிக்காயும் சேர்த்த குழம்பும் வைத்தார்கள். கோழிக்கறியும் ஆக்கியிருந்தார்கள், எனக்காகவே எங்கள் ஊரிலிருந்து அறுத்த கோழியை நண்பர் காலையிலேயே வாங்கி வந்திருந்தார் என்பதை அவருடைய தாயார் சொல்லித்தான் அறிந்தேன். நான் கொண்டுபோன தயிரில் அவர்கள் சர்க்கரையை உதிர்த்துப் போட, சட்டி ஒரு சுற்றிலேயே வெறுமையாயிற்று. அடுத்த மாதம் அதே குடும்பத்தினர் என் தங்கையின் திருமணத்துக்கு வந்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான ஒரே சகனைச் சுற்றி எங்களோடு அமர்ந்து சாப்பிட்டார்கள். அந்தத் தாயாருக்கு மட்டும் தனித் தட்டு வைக்க உம்மா முயன்றபோது, அவர் மறுத்துவிட்டார்.

சாம்பல்தீவிலிருந்து:

பெரியவர்கள் இருவரும் சமைப்பதைப் பற்றி எழுதிவிட்டதால், சமைக்காமல் சாப்பிடுவதைப் பற்றி நான் எழுதுகிறேன். கோடையில் எங்கள் பக்கத்தில் வெள்ளரிப்பழம் பழுத்துத் தானாகவே வெடிக்கும்; உதிராமல் இருக்க ஓலையால் சுற்றிக் கட்டித்தான் வீதியோரத்தில் விற்பார்கள். பொதுவாகச் சீனி தூவிச் சாப்பிடுவார்கள். என் அம்மம்மா முதற்பாலும் பனங்கட்டியும் சேர்த்துப் பிசைந்து தருவார். கன்னியா, பன்குளம் பக்கத்துக் காடுகளிலிருந்து வரும் பாலைப்பழத்துக்குக் கோடையில் சில வாரங்களே ஆயுள். அதன் பால் உதட்டில் ஒட்டி, பேசவே முடியாமல் போகும் என்பதால் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகத் தடை இருந்தது. நாங்கள் கொண்டு போனோம்.

சல்லிக் கரையில் கரைவலை இழுக்கும் காலையில் நின்றால், வியாபாரிகளின் பெட்டிக்குப் போகுமுன் சூடை மீனைக் கையோடு வாங்கலாம். செதிள் மினுங்கும் அந்த மீனை உப்பும் மஞ்சளும் மட்டும் பூசி, தோட்டத்தில் மூன்று கல் வைத்து, தேங்காய் எண்ணெயில் பொரித்து முள்ளோடு தின்பதே எங்கள் நண்பர்களுக்குள் விருந்து. அதற்கு வீட்டிலிருந்து தேங்காய்ச் சம்பல் கொண்டு போவோம். ஆனால் கரையில் மீனுக்காகக் காத்திருந்து சாப்பிட உட்காரும்போது அது புளித்த மணம் வீசத் தொடங்கிவிடுகிறது. இதற்கு உப்புவெளி அக்காவிடம் ஏதும் வழி இருந்தால் எழுதுங்கள்.

உப்புவெளியிலிருந்து:

தம்பி, பச்சைத் தேங்காய்ப்பூவைக் கச்சான் காலத்தில் வெளியே கொண்டு போகாதீர்கள். தேங்காய்ப்பூவை எண்ணெய் விடாமல் மெல்லிய நெருப்பில் பொன்னிறமாகும்வரை வறுத்து, செத்தல் மிளகாய், உள்ளி, கறிவேப்பிலை, உப்பு, சிறிது பழப்புளி ஆகியவற்றோடு சேர்த்து, ஈரக்கை படாமல், உரலில் இடித்து உலர்ந்த போத்தலில் அடைத்தால் சில நாட்களுக்குக் கெடாது. வெங்காயத்தையும் தேசிக்காயையும் தனியாகக் கொண்டு போய், மீன் பொரிந்து இறங்கும் நேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை முன்கூட்டியே கலந்தால் அதன் நீர் சம்பலைப் பழுதாக்கிவிடும். தயிரைப் பற்றி எழுதிய கிண்ணியா அண்ணனுக்கு ஒரு வார்த்தை: உறையைக் குறைக்கும் உங்கள் முறையை நேற்று இரவு செய்து பார்த்தேன். காலையில் வெட்டும் பதத்தில் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் புளிக்கவில்லை. அதற்குப் பிறகு புளித்திருக்குமா என்று பார்ப்பதற்கு வீட்டில் எவரும் மிச்சம் வைக்கவில்லை.