குவில்ட்டிங்குக்குத் தமிழ்ச்சொல்: ‘ஊடுதையல்’ சரிவருமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கோவையிலிருந்து எழுதுகிறேன். நான் தமிழ் படித்தவள் இல்லை. பார்ப்பது கணக்கெழுதும் வேலை, ஓய்வு நேரத்தில் ஆறு வருடமாகக் குவில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். முடித்தவை நான்கு. பாதியில் நிற்பவை மூன்று. பீரோவுக்கு மேலே மூட்டையாகக் கிடக்கும் துணியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்தால் வீட்டில் சண்டை வரும்.

இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பேர் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் இரண்டு பக்கச் செய்முறை எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. குவில்ட்டிங் என்பதற்கு என்ன எழுதுவது? கேட்டவர்கள் எல்லாம் மெத்தைப் போர்வை, ஒட்டுப்போர்வை, பஞ்சுப் போர்வை என்று பொருளுக்குத்தான் பெயர் சொன்னார்கள். எனக்கு வேண்டியது செயலுக்கு ஒரு சொல். ஏன் என்றால், அந்தச் சொல் இல்லாததால் ஒரு போர்வையையே நான் இழந்திருக்கிறேன்.

என் முதல் குவில்ட் அது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, நான்கு மாதம் உட்கார்ந்து மேல்துணியை இணைத்து முடித்தேன். அதை ஒரு மெத்தைக் கடையில் கொடுத்து, “உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுங்கள்” என்றேன். அவரும் நான்கு ஓரத்தையும் நன்றாகத் தைத்துக் கொடுத்தார். ஒரு மாதம் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். முதல் தடவை துவைத்ததும் பஞ்சு முழுக்க ஒரு மூலைக்கு வந்து தலையணை மாதிரி உட்கார்ந்துகொண்டது. மீதிப் போர்வை வெறும் இரண்டு துணி.

கடைக்காரர்மேல் தப்பே இல்லை. தைக்கச் சொன்னேன், தைத்தார். இலவம்பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் நெருக்கமாகக் குத்தித் தைத்தால்தான் அது இடம்பெயராமல் நிற்கும். அந்த வேலைக்குப் பெயர்தான் குவில்ட்டிங். துண்டுகளை இணைப்பது வேறு வேலை, அது பேட்ச்வொர்க், ஒட்டுவேலை. இரண்டையும் ‘தையல்’ என்றே சொன்னால் என் மூலைப் பஞ்சு கதைதான் எல்லோருக்கும்.

ஒட்டுப்போர்வை என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ஒட்டே இல்லாத குவில்ட் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 14ஆம் நூற்றாண்டில் சிசிலியில் செய்த டிரிஸ்டன் குவில்ட் இருக்கிறது. வெள்ளை லினன் துணியில், தையலாலும் உள்ளே திணித்த பஞ்சாலும் எழுப்பிய உருவங்கள். துண்டு சேர்த்த கோலம் அதில் கிடையாது. அதை ஒட்டுப்போர்வை என்று எப்படிச் சொல்வது?

என் யோசனை: ஊடுதையல். மூன்று அடுக்கையும் ஊடுருவிப் போகிற தையல். ஒட்டுவேலை முதலில், ஊடுதையல் பிறகு. பெரியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

*

அன்புள்ள அம்மா, வணக்கம். மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியன்.

புதுச்சொல் எதற்கு? இருக்கிறது. துன்னம். துன்னுதல் என்றால் நெருங்குதல், செறிதல், தைத்தல் எல்லாம்தான். பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தியிருந்த கந்தலை “வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்” என்கிறார் புலவர். அந்தத் துணியில் ஈரும் பேனும் வேறு குடியிருக்கின்றன, அதை விடுங்கள். வேற்றிழை நுழைந்த என்ற சொற்றொடரைப் பாருங்கள். நெய்தபோது இருந்த இழை வேறு, பிறகு ஊசி வழியே உள்ளே போன இழை வேறு. சிலப்பதிகாரத்தின் புகார் நகரில் தையற்காரர் துன்னகாரர், தோல் தைப்பவர் தோலின் துன்னர்.

அடுக்குகளைச் செறிய வைத்துத் தைப்பது என்ற உங்கள் பொருள் ‘துன்’ என்ற வேரிலேயே இருக்கிறது. துன்னப்போர்வை என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிற காந்தாவும் நம் கந்தையும் ஒரே சொல்தான். வடமொழிக் கந்தா அங்கே கலைப்பொருளின் பெயராயிற்று, இங்கே கசக்கிக் கட்டுகிற கந்தையாக நின்றுவிட்டது. அந்தச் சொல்லை மீட்கவும் எனக்கு ஆசைதான். ஆனால் நான்கு மாதம் தைத்ததைக் கந்தை என்றால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள்.

*

ஐயாவுக்கு வணக்கம். வியாசர்பாடியிலிருந்து ஒரு சின்ன எச்சரிக்கை. எங்கள் பக்கம் “துன்னுட்டியா?” என்றால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். துன்னப்போர்வை என்று எழுதினால் எலி துன்ன போர்வை என்றுதான் படிப்பார்கள்.

அது போகட்டும். மெத்தை என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டுமா? ஆங்கிலக் குவில்ட்டே இலத்தீன் குல்கிடாவிலிருந்து வந்தது. அதற்கும் மெத்தை என்றுதான் பொருள். அவர்கள் பழைய சொல்லை வைத்துக்கொண்டே புதுப் பொருளுக்கு நகர்ந்துவிட்டார்கள். நாமும் மெத்தைத்தையல் என்று சொல்லலாமே.

*

அக்கா, வணக்கம். சென்னிமலை. அப்பா தறி, அண்ணன் தையல்கடை.

ஊடுதையலில் இரண்டு சிக்கல். ஒன்று, தறிக்காரர்களுக்கு ஊடு என்றால் குறுக்கே ஓடும் நூல். ஊடும் பாவும் என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். ஊடுதையல் என்றால் குறுக்கு நூல் வாக்கில் தைப்பது என்று நினைப்போம். இரண்டு, நீங்களும் கொங்குநாடுதான், உங்களுக்கே தெரியும். வீட்டை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம்? ஊடு. ஊட்டில் உட்கார்ந்து தைக்கிற தையல் ஆகிவிடும் (உங்கள் விஷயத்தில் அது உண்மைதான்).

வெட்டும்போது தையலுக்காக ஓரத்தில் கூடுதலாக விடுகிற துணிக்கு என்ன சொல் வைத்திருக்கிறீர்கள்? அண்ணன் கடையில் “தையலுக்கு விடுறது” என்பார்கள். “ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்கு விட்டு வெட்டு” என்றால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூடப் புரியும்.

*

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் தள்ளி எழுதுகிறேன். கணக்கு முடிக்கிற மாதம், அப்புறம் காக்கித் துணிக் குவில்ட் ஒன்று ஊசியை உடைத்துக்கொண்டே இருக்கிறது.

சென்னிமலைத் தம்பியின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தையலுக்கு விடுவதுதான் என் இரண்டாவது குவில்ட்டைக் கெடுத்தது. குவில்ட்டில் விடுவது கால் அங்குலம். இரண்டரை அங்குலச் சதுரம் எட்டை வரிசையாக இணைத்தால் பதினாறரை அங்குலம் வர வேண்டும். எனக்குப் பதினைந்தரைக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. எங்கே போயிற்று என்று இரண்டு நாள் தேடினேன். ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடப் பிடித்திருக்கிறேன். ஒரு தையலுக்கு இரண்டு பக்கம், மொத்தம் ஏழு தையல். முக்கால் அங்குலத்துக்கும் மேலே போய்விட்டது. நாளெல்லாம் பைசாக் கணக்குப் பார்க்கிறவள் நான்!

இப்போது மெஷினில் கால் அங்குலத்துக்குச் சரியாக ஒரு நாடாவை ஒட்டிவைத்திருக்கிறேன். துணி அதை உரசிக்கொண்டே போக வேண்டும். மடித்து இஸ்திரி போடும்போது மடிப்பும் கொஞ்சம் துணியைத் தின்னும் (வியாசர்பாடி நண்பர் மன்னிக்க), அதனால் கால் அங்குலத்தில் ஒரு நூலிழை கனம் குறைத்தே பிடிக்கிறேன். செய்முறையில் ‘தையலுக்கு விடுதல்’ என்றே எழுதிவிட்டேன். சுருக்கித் தையல்விடுப்பு ஆக்கலாம் என்று முதலில் பார்த்தேன், தையலுக்கு லீவு விட்ட மாதிரி இருந்தது. ஓரத்தைச் சுற்றி வைக்கும் நீளத்துணிக்கு ஓரப்பட்டி. சட்டைக்கும் பாவாடைக்கும் பட்டி வைக்கிற ஊரில் இதற்கு விவாதம் தேவையில்லை.

மெத்தைத்தையலை நான் ஏற்காததற்குக் காரணம் சொற்பிறப்பு இல்லை, அனுபவம். மெத்தை என்ற சொல் காதில் விழுந்ததும் கை ஓரத்துக்குத்தான் போகிறது. உறை தைத்து, பஞ்சைத் திணித்து, வாயை மூடுவது. என் போர்வைக்கு நடந்ததும் அதேதான்.

ஐயாவின் துன்னம் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. உண்மையில் அது ஊடுதையலைவிட நல்ல சொல். ஒரு இடத்தில் அதை வைத்துக்கொள்ளவும் போகிறேன். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹலியாள் பக்கம் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மேல்துணியைத் தனியாக இணைப்பது அதில் இல்லை. துண்டை வைத்து, விளிம்பை மடித்து, அடித்துணிவரை குத்தித் தைத்துக்கொண்டே போவார்கள். நடுவில் பஞ்சும் கிடையாது. நான்கு மூலையிலும் ‘ஃபூலா’ என்று முக்கோணமாக மடித்த சிறு துணியை வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. என் பாதியில் நிற்கும் மூன்றில் ஒன்று இது. வீட்டுப் பழைய லுங்கிகள், முக்கால்வாசி முடிந்துவிட்டது. ‘ஒட்டுவேலை முதலில், ஊடுதையல் பிறகு’ என்று நான் பெரிதாகப் பிரித்தேனே, கவந்தியில் அந்தப் பிரிவே இல்லை, இரண்டும் ஒரே குத்தில் நடக்கிறது. அந்த ஒரே செயலுக்குத் துன்னம் கச்சிதமாக இருக்கிறது.

மற்றதற்கு ஊடுதையலோடு போகலாம் என்று நினைக்கிறேன். தறிக்காரர் குழப்பத்தைச் சும்மா தள்ளவில்லை, அதற்காகவே ஒரு சோதனை செய்தேன். கற்றுக்கொள்ள வரும் மூவரில் ஒருவர் விசைத்தறி வீட்டிலிருந்து வருகிறவர். விளக்கம் எதுவும் சொல்லாமல், “ஒட்டுவேலை முடிந்ததும் பஞ்சையும் அடித்துணியையும் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரி ஊடுதையல் போடவும்” என்று எழுதிக் கொடுத்தேன். இன்னொருவரிடம் அதே வாக்கியத்தை மெத்தைத்தையல் என்று மாற்றிக் கொடுத்தேன். அவர் ஓரத்தில் குண்டூசி குத்த ஆரம்பித்தார். தறிவீட்டுப் பெண் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “அக்கா, ஊசி அடித்துணிவரைக்கும் போய் வரணுமா, இல்லை பஞ்சோட நின்னா போதுமா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் அந்த மெத்தைக் கடையில் யாராவது என்னிடம் கேட்டிருக்க வேண்டும். குறுக்கு நூலா என்று அவர் கேட்கவே இல்லை.

மூன்று பேரை வைத்து ஒரு சொல்லை முடிவு செய்யக் கூடாதுதான். தையல்கடை அண்ணனிடமும் இதே வரியைக் கொடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. அவர் குறுக்கு நூலைத் தேடினால் நான் திரும்ப யோசிக்கிறேன்.

அடுத்து ஒரு சிக்கல். ஓரப்பட்டி மூலைக்கு வரும்போது 45 பாகை சாய்த்து மடித்துத் திருப்ப வேண்டும். இரண்டு பட்டியும் சேரும் இடத்தில் ஒரு சாய்கோடு விழும். படச்சட்டம் செய்யும் தச்சர்களும் மரத்தை இப்படித்தான் மூலையில் சேர்க்கிறார்கள். அவர்கள் இதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா?