சான்றிதழில் சரிபார்ப்பு எண் இல்லை, 2 சிபிடி (தொடர் தொழில்முறை மேம்பாடு) கிரெடிட் தொங்கலில்

வணக்கம். ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சிவில், பி.ஆர். இன்ஜினியர் (தொழில்முறைப் பொறியாளர்) பதிவு. ஐந்தாண்டுச் சுற்று நவம்பரில் முடிகிறது. சட்டப்படி 3 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கணும், அதாவது ஆகஸ்டுக்குள்.

தேவை 25 கிரெடிட். வேலை நேரம் (400 மணிக்கு 1, ஆண்டுக்கு 2-க்கு மேல் ஏறாது), இளையவர்களுக்கு வழிகாட்டல், சங்க உறுப்பினர் கிரெடிட் எல்லாம் சேர்த்து 20 கையில் இருக்கு. இடிப்பது முதல் வகைதான்: பயிற்சி, கருத்தரங்கில் குறைந்தது 5 வேணும், உருப்படியாக இருப்பது 3.

மீதி 2, கான்கிரீட் நீர்த்தொட்டி வடிவமைப்பு பற்றிய இரண்டு நாள் வகுப்பு. சான்றிதழில் முத்திரை பளிச்சென்று இருக்கு. எண் போட வேண்டிய கட்டம் மட்டும் காலி. நடத்திய நிறுவனம் மூடியாச்சு, மெயில் திரும்பி வருது. வகுப்பைச் சரிபார்த்து அங்கீகரித்த சங்கத்தின் பட்டியலில் அதன் பெயர் இருக்கு, தேதி வேற. வருகைப் பதிவேட்டு நகல், கட்டண ரசீது, மணிவாரி நிகழ்ச்சி நிரல் மூன்றும் இருக்கு.

இந்த மூன்றை வைத்து யாருக்காவது பொறியாளர் பதிவு மன்றத்தின் தணிக்கையில் கிரெடிட் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கா?