69 சதவீத வழக்கில் எந்தத் தீர்ப்பை முதலில் வைப்பது?

அரசியலமைப்புச் சட்டம் தெரிந்தவர்கள் உதவவும். மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான எழுத்து வாதத்தில், அரசுத் தரப்பில் ஓரிடத்தில் நிற்கிறேன்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம், 1994-இல் 76-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஒன்பதாவது அட்டவணைக்குள் (அடிப்படை உரிமையை மீறுவதாகச் சொல்லி ரத்து செய்ய முடியாதபடி காக்கப்படும் சட்டங்களின் பட்டியல்) போனது. ஆனால் கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 24.4.1973-க்குப் பிறகு அங்கே சேர்ந்த சட்டங்களுக்கு, அந்தப் பாதுகாப்பைத் தரும் 31பி பிரிவு முழுக் கவசம் ஆகாது என்று ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கில் (2007) ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அடிப்படை உரிமை பறிபோகிறதா, அதன் விளைவு அடிப்படைக் கட்டமைப்பை (திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் ஆதாரக் கூறுகள்) தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் படியில் சிக்கல் இல்லை, இரண்டாவதில்தான்.

பார்த்தவை:
இந்திரா சஹானி (1992): இடஒதுக்கீட்டுக்கு 50 சதவீத உச்சவரம்பே விதி, அசாதாரணச் சூழலில் மட்டும் விலக்கு. தொலைதூர, ஒதுங்கிய பகுதி மக்களையே உதாரணம் காட்டுகிறது. இங்கே பொருத்துவது கடினம்.
நாகராஜ் (2006): அந்த வரம்பு போனால், அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16-ஆவது பிரிவின் கட்டமைப்பே சரியும் என்கிறது. எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் இதுதான்.
ஜன்ஹித் அபியான் (2022, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டு வழக்கு): பெரும்பான்மைத் தீர்ப்பு, வரம்பு நெகிழாதது அல்ல என்கிறது. ஆனால் அந்த வரம்பு பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான 15(4), 15(5), 16(4) பிரிவு ஒதுக்கீடுகளுக்கே உரியது என்றும் சேர்த்துச் சொல்கிறது. 69 சதவீதம் அந்த வகைதானே!

50 சதவீதத்தைத் தாண்டுவது மட்டுமே அடிப்படைக் கட்டமைப்பை மீறுவதாகாது என்று வாதிட, இவற்றில் எதை முதலில் வைக்க வேண்டும்?